செப்டம்பரில் யூகான் பக்கம் தனியாகக் கனூவில் போகலாமா?

கேள்வி சுருக்கமாக இது. கேட்டவர் டொரண்டோவில் இருக்கிறார். அல்கான்குவின் பூங்காவில் கோடையில் நண்பர்களோடு கனூ (துடுப்பால் ஓட்டும் ஒல்லியான திறந்த படகு) ஓட்டிப் பழக்கம், நீச்சலும் தெரியும். செப்டம்பரில் இரண்டு வாரம் விடுப்பு கிடைக்கிறது. கனடாவின் வடமேற்கு மூலையில் ஓடும் யூகான் ஆற்றில், வைட்ஹார்ஸ் ஊரிலிருந்து டாசன் ஊர் வரை தனியாகப் போக ஆசை. கரடியை நினைத்தால்தான் பயம் என்கிறார். போகலாமா, எப்படித் தயாராவது?

போகலாம். ஆனால் பாதையை மாற்றிக்கொள்ளுங்கள், பயத்தையும் வேறு பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். அந்த ஆற்றில் செப்டம்பரில் தனியாகப் போகிறவருக்கு முதல் ஆபத்து தண்ணீரின் குளிர். கரடி அதற்கு வெகு பின்னால்தான் வருகிறது. நீரோட்டம் பெரிய சவாலே இல்லை. அதற்கு உங்கள் பழக்கம் போதும். ஆனால் ஒருமுறை கவிழ்ந்தால் தூக்கிவிட ஆள் கிடையாது, தண்ணீரும் அவகாசம் தராது. படகில் சாமான் அடுக்குவது, ஆற்றில் எந்த ஓரமாகப் போவது, மாலையில் எத்தனை மணிக்குக் கரையேறுவது என்று எல்லாவற்றையும் இந்த ஒன்றை வைத்தே முடிவு செய்ய வேண்டும். நான் சொல்லப்போவது முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில் பாதை. வைட்ஹார்ஸ் முதல் டாசன் வரை 700 கிலோமீட்டருக்கு மேல். கோடையில் இரண்டு வாரத்தில் முடிப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஏனென்றால் அங்கே ஜூன், ஜூலையில் இரவு என்று ஒன்று சரியாக வருவதே இல்லை. எப்போது வேண்டுமானாலும் துடுப்பு போடலாம். செப்டம்பரில் அப்படி இல்லை. மாதத் தொடக்கத்தில் சுமார் 14 மணி நேரம் வெளிச்சம் இருக்கும், முடிவில் அது 12 மணி நேரத்துக்கும் கீழே போய்விடும். நாளுக்கு ஐந்தாறு நிமிடம் குறைந்துகொண்டே வரும். காலையில் மூடுபனி வேறு. காற்று இரவில் உறைநிலைக்கு இறங்க, ஆற்று நீர் அதைவிடச் சூடாக இருக்க, விடியும்போது ஆறு முழுக்கப் புகையும். பத்து மணி, சில நாள் பதினொரு மணி வரை எதிர்க்கரை தெரியாது. பனிக்குள் படகை இறக்கக் கூடாது, காரணம் பிறகு சொல்கிறேன். ஆக, ஒரு நாளில் உங்களுக்குக் கிடைப்பது ஆறேழு மணி நேரம். 700 கிலோமீட்டரை அதில் திணித்தால் ஓய்வுநாள் இருக்காது, காற்று அடித்தாலும் மழை கொட்டினாலும் போயே ஆக வேண்டும் என்ற நெருக்கடி வரும். தனியாகப் போகிறவர் தவறான முடிவு எடுப்பது பெரும்பாலும் அந்த நெருக்கடியில்தான்.

இரண்டாவது காரணம் லபார்ஜ் ஏரி. வைட்ஹார்ஸிலிருந்து கிளம்பினால் ஒருநாள் தொலைவில் அது வந்துவிடும். ஐம்பது கிலோமீட்டர் நீளம், இருபுறமும் மலை, நடுவில் காற்றுக்கு நேரான வழி. கண்ணாடியாகக் கிடந்த நீரில் அரை மணி நேரத்தில் அலை எழும்பிவிடும். கோடையிலேயே வலக்கரையை ஒட்டித்தான் போகச் சொல்வார்கள். இலையுதிர் காலத்தில் காற்று இன்னும் அடிக்கடி வரும். ஒரே ஆள் இருக்கும் படகைக் காற்று எளிதில் திருப்பிவிடும். கரையிலேயே இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து கிடக்க நேரலாம்.

அதனால் டெஸ்லின் ஆற்றைச் சொல்கிறேன். வைட்ஹார்ஸிலிருந்து அலாஸ்கா நெடுஞ்சாலையில் தென்கிழக்கே ஒன்றரை மணி நேரம் போனால் ஜான்சன்ஸ் கிராசிங். டெஸ்லின் ஏரி முடிந்து ஆறு தொடங்கும் இடத்தில் ஒரு பாலம் இருக்கிறது. அங்கே இறங்கினால் ஏரி உங்களுக்குப் பின்னால் இருக்கும், முன்னால் ஆறு மட்டும்தான். 180 கிலோமீட்டர் சொச்சம் ஓடி ஹூட்டாலிங்குவா என்ற இடத்தில் டெஸ்லின் யூகானோடு சேர்கிறது. அதற்குப் பின் யூகானில் ஏறக்குறைய அதே தூரம் போனால் கார்மாக்ஸ் ஊர், அங்கே சாலை. மொத்தம் 370 கிலோமீட்டர் அளவில். நாளுக்கு 40 என்று வைத்தால் ஒன்பது, பத்து நாள். மீதி மூன்று நான்கு நாளைக் காற்றுக்கும் மழைக்கும் ஒதுக்கிவிடுங்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் இறங்கி இருபதாம் தேதிக்குள் ஏறிவிட வேண்டும். அதற்குப் பிறகு பனிப்பொழிவு வரலாம், அக்டோபரில் ஆற்றில் பனிக்கூழ் மிதக்கத் தொடங்கும். படகு வாடகைக்குத் தருபவர்களும் ஒவ்வொருவராகக் கடையைச் சாத்தும் நேரம் அது. கிளம்பும் முன் கூப்பிட்டு, கடைசித் தேதியையும் கார்மாக்ஸிலிருந்து ஏற்றிவர வண்டி உண்டா என்பதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இந்தப் பாதையில் பெரிய அருவி இல்லை, படகைத் தலையில் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் நடக்க வேண்டிய இடமும் இல்லை. டெஸ்லினில் ரோரிங் புல் என்று ஒரு சலசலப்பு இருக்கிறது. பேர் பெரியது, அலை சிறியது. ஓரமாக விலகிப் போனால் போதும். புகழ்பெற்ற ஃபைவ் ஃபிங்கர் ரேபிட்ஸ் என்ற வேகப் பாய்ச்சல் கார்மாக்ஸுக்கும் கீழே இருப்பதால் உங்களுக்கு அது வராது. முதல் நாள் மட்டும் நீர் மந்தமாக இருக்கும். ஏரியின் வால்தான் அது, தோள் வலிக்கும். அப்புறம் ஓட்டம் பிடித்துக்கொள்ளும்.

சரி, குளிருக்கு வருகிறேன்.

செப்டம்பரில் அந்த நீர் 10 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், மாதம் போகப்போக இன்னும் இறங்கும். மனிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரில் உடம்புக்கு என்ன ஆகிறது என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவர் பரப்பிய கணக்கு 1-10-1. விழுந்த முதல் நிமிடம் மூச்சு உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது, தானாக இழுக்கும். அந்த நேரத்தில் தலை தண்ணீருக்குள் போனால் நீச்சல் தெரிந்து பயனில்லை. அடுத்த பத்து நிமிடம்தான் கையும் காலும் சொன்னபடி கேட்கும். அதற்குப் பிறகு விரல்கள் கயிற்றைப் பிடிக்காது, கொக்கியை அவிழ்க்காது. உடல் வெப்பம் இறங்கி நினைவு போக ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். ஆக, விழுந்த உடனே விறைத்துச் செத்துவிடுவோம் என்பது உண்மை இல்லை. ஆனால் உருப்படியாக எதையும் செய்ய உங்களுக்கு இருப்பது அந்தப் பத்து நிமிடம்தான். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தால்தான் அந்தப் பத்து நிமிடமும் கிடைக்கும். அதைக் கழற்றி இருக்கையில் வைத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும்.

இந்தப் பத்து நிமிடத்தை ஆற்றோடு பொருத்திப் பாருங்கள். நீர் மணிக்கு ஏழு கிலோமீட்டர் வேகத்தில் போனால், பத்து நிமிடத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் கீழே போய்விடுவீர்கள். ஹூட்டாலிங்குவாவுக்குக் கீழே யூகான் பல இடங்களில் இருநூறு மீட்டருக்கு மேல் அகலம். நடுவில் கவிழ்ந்தால் நூறு மீட்டருக்கு மேல், கனத்த உடுப்போடு, ஓடும் நீரைக் குறுக்கே நீந்த வேண்டும். இருவர் போகும் படகுக்கு நடு ஓட்டம் சுகமானது, வேகமும் கிடைக்கும். தனியாகப் போகிறவருக்கு அந்தச் சுகம் தேவையில்லை. கரையிலிருந்து முப்பது மீட்டருக்குள் போவது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் கொஞ்சம் குறையும், குறையட்டும்.

எந்தக் கரை என்பது அடுத்த கேள்வி. வளைவுகளில் உள்வளைவை ஒட்டியே போங்கள். வெளிவளைவில் நீர் வேகமாக மோதிக் கரையை அரிக்கிறது. மேலே நிற்கும் ஸ்ப்ரூஸ் மரங்கள் வேரோடு சாய்ந்து, நுனி நீரில் படிய, படுக்கைவாட்டில் கிடக்கும். இவற்றை ஸ்வீப்பர் என்பார்கள். நீர் கிளைகளுக்குள் புகுந்து போகும், படகும் ஆளும் போக முடியாது. அழுத்தம் கீழே இழுக்கும். அந்த ஆற்றில் நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே வருவது இதைத்தான். மூடுபனியில் போகாதீர்கள் என்று சொன்னதும் இதற்காகத்தான். பனியில் முதலில் சத்தம்தான் கேட்கும். கிளையில் நீர் அறுபடும் ஒரு தொடர் இரைச்சல். அது காதில் விழும்போது விலகுவதற்கான தூரம் முடிந்திருக்கும். தீவுகள் வரும் இடங்களிலும் கவனம் வேண்டும். ஆறு பிரியும் தலைப்பகுதியில் அடித்து வந்த மரங்கள் குவிந்து கிடக்கும், ஓட்டம் நேராக அதில் போய் முட்டும். எந்தக் கால்வாய் என்பதைத் தீவு வருவதற்கு வெகு முன்பே முடிவு செய்து அந்தப் பக்கம் ஒதுங்கிவிடுங்கள். செப்டம்பரில் நீர் தாழ்ந்திருப்பதால், அகலமான கால்வாயையே எடுங்கள். சின்னதில் புகுந்து சரளையில் தட்டி, படகை இழுத்துக்கொண்டு அந்தக் குளிர்நீரில் நடக்க வேண்டாம்.

கவிழ்வது ஆற்று நடுவில் நடப்பதைவிடக் கரையில் ஏறி இறங்கும்போதுதான் அதிகம். நாள் முழுக்க உட்கார்ந்து கால் மரத்திருக்கும். முன்முனையைக் கரையில் குத்தியவுடன் எழுந்து நிற்பார்கள், பின்பக்கத்தை ஓட்டம் இழுத்துச் சுழற்றும், ஆள் நீரில். சரியான வழி இது: இறங்க நினைக்கும் இடத்துக்கு முன்பே படகின் மூக்கை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பிவிடுங்கள். மேல்நோக்கித் துடுப்பு போட்டபடி, மூக்கைச் சற்றே கரைப்பக்கம் சாய்த்தால் ஓட்டமே உங்களைப் பக்கவாட்டில் கரைக்குத் தள்ளும். படகு முழுக்கக் கரையை ஒட்டி அணைந்த பிறகு, கயிற்றைக் கையில் சுற்றாமல் பிடித்துக்கொண்டு, குனிந்தபடி ஒரு காலை ஊன்றி இறங்குங்கள். அல்கான்குவின் ஏரிகளில் இதற்குத் தேவையே வந்திருக்காது. ஓடும் நீரில் இது கைவராமல் யூகானுக்குப் போகக் கூடாது என்பது என் கருத்து. ஒன்டாரியோவிலேயே ஒரு மிதமான ஆற்றில், நண்பர் கரையில் நிற்க, ஒரு வார இறுதி முழுக்க இதை மட்டும் பழகுங்கள். அப்படியே வேண்டுமென்றே ஒருமுறை கவிழ்ந்தும் பாருங்கள், போட்டுக்கொண்டு போகப்போகும் அதே உடுப்போடு.

கவிழ்ந்தால் என்ன செய்வது? நீர் நிறைந்த கனூவுக்குள் ஓடும் ஆற்றில் தனியாக ஏறிவிடலாம் என்று நம்பாதீர்கள். முதல் நிமிடம் முகத்தை மேலே வைத்து மூச்சை அடக்குங்கள். படகுக்கு மேல்பக்கம், அதாவது ஓட்டம் வரும் பக்கம், இருங்கள்; கீழ்பக்கம் இருந்தால் பாறைக்கும் படகுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். கயிறு கையில் கிடைத்தால் அதோடு நீந்துங்கள், கிடைக்காவிட்டால் படகை விட்டுவிட்டுக் கரைக்குப் போங்கள். கரையேறியவுடன் தீ.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். லைட்டரும் சாட்டிலைட் கருவியும் நீர் புகாத நல்ல டிரை பேக்கில் பத்திரமாக இருக்கும்; அந்த டிரை பேக் படகோடு கீழே போய்க்கொண்டிருக்கும். லைஃப் ஜாக்கெட் பையில் இருக்க வேண்டியவை: இரண்டு லைட்டர், நீர் புகாத உறையில் தீப்பெட்டி, மெழுகு தோய்த்த பஞ்சு, கத்தி, விசில், இன்ரீச் மாதிரியான சாட்டிலைட் கருவி. படகில் இருப்பதெல்லாம் வசதிக்கு, உடம்பில் இருப்பதுதான் உயிருக்கு. விரல் விறைத்த நிலையில் ஸ்ப்ரூஸ் மரத்தின் அடியில் காய்ந்து தொங்கும் மெல்லிய குச்சிகளை ஒடித்துத் தீ மூட்டிப் பழகுங்கள். மழையிலும் மரத்தடியில் அவை ஓரளவு காய்ந்தே இருக்கும். சக்கிமுக்கிக் கல் எல்லாம் வீடியோவில் அழகாக இருக்கும், அந்த நேரத்துக்கு லைட்டர்தான்.

உடுப்பு: டிரைசூட் (உள்ளே நீர் புகவிடாத முழு உடுப்பு) வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ முடிந்தால் அதுவே முதல் செலவாக இருக்கட்டும். உள்ளே கம்பளி. முடியாவிட்டால் தடித்த வெட்சூட்டும் (உடம்பை ஒட்டிய ரப்பர் உடுப்பு) மேலே காற்றுக்காப்பு ஜாக்கெட்டும். பருத்தி வேண்டாம். ஸ்லீப்பிங் பேக் மைனஸ் 10 தாங்குவதாக இருக்கட்டும். பகலில் 12, 13 டிகிரி இருந்தாலும் இரவில் தண்ணீர்க் குடுவை உறைந்துபோகும் நாட்கள் வரும். முழுக்க உலர்ந்த ஒரு ஜோடி உடுப்பு தனியாகக் கட்டி வைத்து, கூடாரத்துக்குள் மட்டும் போடுங்கள். பகலில் எவ்வளவு நனைந்தாலும் அதைத் தொடாதீர்கள்.

படகு விஷயம் எளிது. வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் இருவர் ஓட்டும் 16, 17 அடிக் கனூ. அதில் பின்னிருக்கையில் தனியாக உட்கார்ந்தால் மூக்கு வானத்தைப் பார்க்கும், காற்று அதைப் பிடித்துத் திருப்பும். படகை முன்பின்னாகத் திருப்பி, முன்னிருக்கையில் பின்பக்கம் பார்த்து உட்காருங்கள். இப்போது அதுவே பின்னிருக்கை, நீங்கள் நடுவுக்கு நெருங்கிவிடுவீர்கள். கனமான சாமானை உங்களுக்கு முன்னால், தரையோடு தரையாக. அலை வந்தால் இருக்கையிலிருந்து இறங்கி முழங்காலிட்டு உட்காருங்கள். இரண்டு முனையிலும் தட்டை உள்ள கயாக் துடுப்பு ஒன்றைக் கூடவே கொண்டுபோவது நல்லது, எதிர்க்காற்றில் ஒற்றைத் துடுப்பைவிட வேகமாக நேர்நிறுத்தும். எந்தத் துடுப்பானாலும் ஒன்று உபரியாக இருக்க வேண்டும்.

இரவில் படகைக் கரையிலிருந்து நன்றாக மேலே இழுத்து, கவிழ்த்து, உயிருள்ள மரத்தில் இரண்டு முனையையும் கட்டுங்கள். மேலே எங்கோ பெய்த மழைக்கு இரவோடு இரவாக ஆறு ஒரு முழம் ஏறும். தனியாக இருக்கும்போது படகு போய்விட்டால், சாலைக்குப் போக வழியே இல்லை. ஜான்சன்ஸ் கிராசிங்கை விட்டபின், லிட்டில் சால்மன் என்ற பழைய கிராமத்தின் பக்கம் வரும்போதுதான் ராபர்ட் காம்பெல் நெடுஞ்சாலை ஆற்றுக்கு அருகே வருகிறது. நடுவில் இருப்பது சதுப்பும் காடும்.

இவ்வளவும் சொல்லிப் பயமுறுத்திவிட்டேனோ என்று தோன்றுகிறது. அதனால் ஏன் செப்டம்பர் என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்ததில் நீங்கள் சரி. கொசு கிடையாது. ஜூலையில் அங்கே முகவலை இல்லாமல் சோறு சாப்பிட முடியாது. செப்டம்பரில் சட்டைக்கையை மடித்துவிட்டுக் கரையில் உட்காரலாம். ஆஸ்பென், பாப்ளர் மரங்கள் எல்லாம் ஒரே வாரத்தில் மஞ்சளாகும். கரும்பச்சை ஸ்ப்ரூஸுக்கு நடுவே மலைச்சரிவு முழுக்க அந்த மஞ்சள் ஓடும், தரையில் ஃபயர்வீட் செடிகள் சிவந்து கிடக்கும். இருட்டும் நேரத்துக்கு இருட்டுவதால் வடதுருவ ஒளியும் தெரியும். கோடையில் போகிறவர்களுக்கு அது கிடையாது. கோடையில் நீருக்குள் இருந்த சரளைத் திட்டுகள் இப்போது வெளியே வந்திருக்கும். அகலமான, காற்றோட்டமான, நாலு பக்கமும் பார்வை கிடைக்கும் இடங்கள் அவை. கூடாரத்துக்கு அதைவிட நல்ல இடம் காட்டுக்குள் இல்லை. திட்டின் உயரமான பகுதியில், போன வெள்ளம் விட்டுப்போன மரக்குப்பைக் கோட்டுக்கு மேலே போடுங்கள்.

ஆறு அரித்த கரைகளில் ஒரு விஷயத்தைத் தேடிப் பாருங்கள். மேலே பாசி, அதற்குக் கீழே வேர்ப்பின்னல், அதற்கும் கீழே ஒரு வெள்ளைக்கோடு மண்ணுக்குள் நேராக ஓடும். சில இடத்தில் விரற்கடை அகலம், சில இடத்தில் ஒரு சாண். விரலால் சுரண்டினால் கோலமாவு போல நைந்து கையில் ஒட்டும். ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் அலாஸ்கா எல்லையருகே எரிமலை வெடித்துப் படிந்த சாம்பல் அது. ஒரே வெடிப்பின் சாம்பல் நாள்கணக்கில் உங்கள் கூடவே கரையில் வந்துகொண்டிருக்கும்.

கரடிக்கு வருவோம். கருங்கரடியும் இருக்கிறது, கிரிஸ்லி என்ற பழுப்புக்கரடியும் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் குளிர்காலத் தூக்கத்துக்கு முன் நாள் முழுக்கத் தின்று கொழுக்கும் நேரம் அவற்றுக்கு. பழப்புதர்களிலும், சம் சால்மன் மீன்கள் முட்டையிட வரும் கிளைநீர்களிலும் கூடும். எனவே செத்த மீன் நாற்றம் அடிக்கும் இடத்தில், மீன் எலும்பு சிதறிக் கிடக்கும் திட்டில் தங்காதீர்கள். இறங்கியவுடன் கூடாரத்தை எடுக்கும் முன் ஈரச்சேற்றைச் சுற்றிப் பாருங்கள். கிரிஸ்லியின் முன்காலில் விரல்கள் ஏறக்குறைய நேர்வரிசையில் இருக்கும், நகத்தின் குத்துகள் விரலிலிருந்து வெகுதூரம் முன்னால் பதிந்திருக்கும். கருங்கரடிக்கு விரல்கள் வளைந்த வரிசை, நகம் விரலை ஒட்டியே இருக்கும். தடத்தின் ஓரம் இன்னும் கூராக, நீர் கசிந்தபடி இருந்தால், மறுபடி படகில் ஏறிவிடுங்கள், இன்னொரு திட்டு கீழே வரும். சமைப்பதும் சாப்பிடுவதும் கூடாரத்திலிருந்து நூறு மீட்டர் தள்ளி, காற்று போகும் திசையில். சாப்பாடு, பற்பசை, சோப்பு எல்லாம் மூடி இறுகும் கரடிப் பீப்பாய்க்குள். அங்குள்ள ஸ்ப்ரூஸ்கள் ஒல்லியானவை, மூட்டையைக் கட்டித் தொங்கவிட ஏற்ற கிளை கிடைக்காது. கரடி ஸ்பிரேயை விமானத்தில் கொண்டுபோக விடமாட்டார்கள். வைட்ஹார்ஸில் வாங்கி இடுப்பில் மாட்டிக்கொள்ளுங்கள், பைக்குள் வைக்காதீர்கள். இவ்வளவையும் செய்தால் கரடி பெரும்பாலும் தூரத்தில் பார்க்கும் காட்சியாகவே இருக்கும். மாதக் கடைசியை நெருங்கினால் ஆண் மூஸ் (பெரிய மான் வகை) இணைசேரும் பருவத்தில் முரட்டுத்தனமாக இருக்கும், அதற்கு நிறைய இடம் விடுங்கள். மூஸ் வேட்டைக்காலமும் அதுவே. ஜெட் படகுகளில் வேட்டைக்காரர்கள் வருவார்கள், பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள், அவர்கள் எழுப்பும் அலைக்கு மூக்கைத் திருப்பிக்கொள்ளுங்கள். சினூக் சால்மனைத் தொடவே கூடாது. அது அவ்வளவு குறைந்துபோனதால் 2024-ல் கனடாவும் அலாஸ்காவும் அதன் பிடிப்பை ஏழு ஆண்டுகளுக்கு நிறுத்திவைத்தன.

இந்த ஆறு ஆளில்லாக் காடாகத் தெரியும், ஆனால் வெறும் காடு இல்லை. டெஸ்லின் பக்கம் டிலிங்கிட் மக்கள், கீழே கார்மாக்ஸ் பக்கம் வடக்கு டச்சோன் மக்கள், அவர்களுடைய நிலம் இது. லிட்டில் சால்மன் பழைய கிராமத்தில் கல்லறைகள்மேல் சின்ன வீடுகள் கட்டியிருப்பார்கள். அங்கே இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு திரியாதீர்கள். 1896-ல் டாசனை ஒட்டிய குளோண்டைக்கில் தங்கம் கிடைத்தபின், 1898-ல் ஒரு கூட்டம் ஸ்டிகீன் ஆற்று வழியாக நடந்து டெஸ்லின் ஏரிக்கரையில் மரம் அறுத்துப் படகு கட்டி, நீங்கள் போகப்போகும் இதே ஆற்றில்தான் இறங்கியது. ஹூட்டாலிங்குவாவில் ஒரு இரவு கட்டாயம் தங்குங்கள். லபார்ஜ் ஏரி வழியாகத் தெளிந்து வரும் யூகானின் பச்சை நீரும் டெஸ்லினின் கலங்கல் நீரும் அங்கே ஓரளவு தூரம் கலக்காமல் பக்கம்பக்கமாக ஓடும். சற்றுக் கீழே ஷிப்யார்ட் தீவில் காட்டுக்கு நடுவே எவலின் என்ற பழைய துடுப்புச்சக்கர நீராவிக்கப்பல், கரையேற்றி வைத்த இடத்திலேயே முழுசாக நிற்கிறது. அதன் மரம் உளுத்துப்போயிருக்கிறது, மேலே ஏறாதீர்கள், சுற்றிப் பார்த்தாலே போதும். கரையில் ஆங்காங்கே இடிந்த மரக்குடிசைகள் வரும். அவற்றில் பல, அந்தக் கப்பல்களுக்கு விறகு வெட்டிக்கொடுத்தவர்கள் இருந்தவை. 1950-களில் டாசனுக்குச் சாலை வந்ததும் கப்பலும் போனது, அவர்களும் போனார்கள்.

தனிமையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்றாம் நாள் மாலை கொஞ்சம் கனக்கும், அப்புறம் பழகிவிடும். வேலையை ஒழுங்காகச் செய்வதுதான் மருந்து. நான்கு மணிக்குக் கரையேறு, படகைக் கட்டு, விறகு சேர், சமை, வரைபடத்தில் நாளைய தூரத்தைப் பார். சோர்வாக இருக்கும் நாளில் நகராமல் தங்குவதற்குத்தான் அந்த உபரி நாட்கள்.

கடைசியாகத் தகவல் தொடர்பு. ஜான்சன்ஸ் கிராசிங்கை விட்டால் கார்மாக்ஸ் வரை செல்பேசியை நம்ப முடியாது. சாட்டிலைட் கருவியிலிருந்து தினமும் ஒரே நேரத்தில் வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். ஒருநாள் செய்தி வராவிட்டால் பதற வேண்டாம், இன்ன தேதி இன்ன நேரம் வரை எதுவும் வராவிட்டால் மட்டும் யூகான் காவல்துறைக்குச் சொல்லுங்கள் என்று வீட்டில் எழுதிக்கொடுத்துவிடுங்கள். பாதை, தங்கப்போகும் உத்தேச இடங்கள், படகின் நிறம், கூடாரத்தின் நிறம் எல்லாம் அந்தத் தாளில் இருக்கட்டும். படகு தருபவரிடமும் ஒரு பிரதி. கார்மாக்ஸில் கரையேறியவுடன், சூடாகச் சாப்பிடப் போகும் முன், இருவருக்கும் வந்து சேர்ந்துவிட்டேன் என்று சொல்லிவிடுங்கள். சொல்ல மறந்தால், நீங்கள் ஊரில் தூங்கிக்கொண்டிருக்கும்போது உங்களைத் தேடி ஹெலிகாப்டர் கிளம்பும்.